இரண்டாவது பாதை

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. விடியற்காலை 4:43 மணிக்கு கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பில் ஒரு பராமரிப்பு மாற்றம் செய்யப்பட்டது. ஏழு கட்டங்களாகப் பிரித்த மேம்பாட்டுப் பணியில் அது ஆறாவது. முந்தைய ஐந்தும் சத்தமில்லாமல் முடிந்திருந்தன. இரண்டு நிமிடம் கழித்து, 4:45க்கு, வலையமைப்பின் மையம் சரியத் தொடங்கியது.

டொராண்டோ எழுந்து கைபேசியைத் தேடியபோது எந்தத் தளமும் திறக்கவில்லை. இணையம் போனால் எல்லா வீட்டிலும் நடப்பதே அன்றும் நடந்தது. மோடத்தின் மின்கம்பியைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி சொருகினார்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்றார்கள். வீட்டு இணைப்பும் கைபேசியும் ஒரே நிறுவனத்துடையவை என்றால் அதிலும் பயனில்லை. வைஃபை வேலை செய்த ஸ்டார்பக்ஸ் கடைகளில் மடிக்கணினியோடு கூட்டம் சேர்ந்தது. டெபிட் அட்டைப் பரிமாற்றங்களை நடத்தும் இன்டராக் நிறுவனத்தின் இணைப்பும் ரோஜர்ஸ் வழியாகவே போனதால் நாடு முழுவதும் டெபிட் அட்டைகள் செத்துப்போயின. கடைகளில் ‘பணம் மட்டும்’ என்று காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வளர்ந்த பாடகர் ‘தி வீக்எண்ட்’ அன்றிரவு சொந்த ஊரில் தன் சுற்றுப்பயணத்தைத் தொடங்குவதாக இருந்தது. அரங்கத்தின் பெயரே ரோஜர்ஸ் சென்டர். அங்கேயும் இணைப்பு இல்லை, நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது.

மோசமான விளைவு அவசர உதவி எண்ணான 911க்குப் போன அழைப்புகளில் தெரிந்தது. ரோஜர்ஸின் கோபுரங்கள் அலைகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் பின்னால் இருந்த மையம்தான் செத்திருந்தது. கைபேசி கோபுரத்தைப் பார்த்து ‘நான் இணைந்திருக்கிறேன்’ என்று நம்பியது. அதனால் பக்கத்திலிருந்த வேறு நிறுவனத்தின் கோபுரத்துக்கு மாறவில்லை. சிம் அட்டையைக் கழற்றிவிட்டு 911ஐ அழையுங்கள் என்று அறிவுரை சொல்லும் நிலை வந்தது.

இணைப்பு முழுவதும் இல்லாமல் போவதைவிட இந்தப் பாதி உயிர் நிலைதான் ஆபத்தானது. ‘ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை’ என்ற, நகரத்தையே உலுக்காத சின்னச் சிக்கலிலும் இதே குணம் உண்டு. மோடத்தின் விளக்குகள் பச்சையாக எரியும். யூடியூப் ஓடும். வங்கியின் தளமோ ஊர்ச் செய்தித் தளமோ மட்டும் வெள்ளைத் திரையாக நிற்கும். அந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருப்பது பழுதா, யாரோ ஒரு பொறியாளரின் பிழையா, நீதிமன்ற ஆணையா, அரசாங்கத்தின் விருப்பமா? திரை எதையும் சொல்லாது. எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

ரோஜர்ஸில் அன்று நடந்தது என்ன? இணையம் என்பது பல்லாயிரம் தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ரோஜர்ஸின் எண் 812. ‘இன்னின்ன முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்குப் போக வேண்டுமானால் என் வழியாக வாருங்கள்’ என்று இவை ஓயாமல் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்கின்றன. அந்த அறிவிப்பு மொழிக்குப் பி.ஜி.பி. என்று பெயர், 1989இல் முதல் வடிவம் பெற்றது. உலகம் முழுவதற்குமான வழிப்பட்டியல் 2022இல் சுமார் 9 லட்சம் வரிகளைத் தொட்டிருந்தது. ஒரு நிறுவனத்தின் உள்ளே இருக்கும் எல்லா ரவுட்டர்களுக்கும் இந்த முழுப் பட்டியல் தேவையில்லை. தேவையானதை மட்டும் உள்ளே விட ஒரு வடிகட்டி வைப்பார்கள். ஏரி மதகின் பலகையைப் போன்றது அது. விடியற்காலை 4:43க்கு ரோஜர்ஸின் விநியோக ரவுட்டர்களிலிருந்து அந்தப் பலகை தவறுதலாக உருவப்பட்டது. வழிகளின் வெள்ளம் மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்தது. அவற்றின் நினைவகமும் செயல்திறனும் தாங்கவில்லை. சற்று நேரத்தில், ரோஜர்ஸின் முகவரிகளுக்குப் போகும் வழிகள் உலகின் பிற வலையமைப்புகளின் பட்டியல்களிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சுமார் 26 மணி நேரம் தவித்தார்கள்.

கனடாவின் ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.டி.சி. இதை ஆராயும் பணியை ஸோனா பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2024இல் வெளியான அதன் அறிக்கைச் சுருக்கத்தில் இரண்டு செய்திகள் துணுக்குற வைப்பவை. முதலாவது, இந்தப் பணிக்கு ஆரம்பத்தில் ‘அதிக ஆபத்து’ என்று முத்திரை இருந்தது. முந்தைய கட்டங்கள் நல்லபடி முடிந்ததால், ஆபத்தைக் கணக்கிடும் நிரல் ஆறாவது கட்டத்துக்கு ‘குறைந்த ஆபத்து’ என்று மாற்றிவிட்டது. ஐந்து முறை விழாதவன் ஆறாவது முறையும் விழமாட்டான் என்பது ஒரு கணக்கா?

இரண்டாவது செய்தி இந்த அத்தியாயத்தின் மையத்துக்கே வருகிறது. பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறியாளர்கள், பழுதான அதே மையத்தின் வழியாகத்தான் ரவுட்டர்களை அணுக வேண்டியிருந்தது. மேலாண்மைக்கென்று தனிப் பாதை இல்லை. மையம் விழுந்ததும் அவர்களுக்கும் திரை வெள்ளையாகிவிட்டது. தொலைவிலிருந்து நுழைய முடியாமல் மேலாண்மை இணைப்பு கிடைக்கும் இடங்களுக்கு ஆட்கள் நேரில் போக வேண்டியிருந்தது. ஒருவரையொருவர் அழைத்துப் பேசவும் வழியில்லை, அவர்களுடைய கைபேசிகளும் ரோஜர்ஸ்தானே! 2015இல் நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, போட்டி நிறுவனங்களின் அவசரகால சிம் அட்டையை வைத்திருந்தவர்களால் மட்டுமே பேச முடிந்தது. வடிகட்டி காணாமல் போனதுதான் காரணம் என்று உறுதிசெய்ய 14 மணி நேரம் ஆனது.

நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்று, தன் வீட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றது. ஒரே பாதையில் நின்றுகொண்டு அந்தப் பாதையின் பழுதை அறிய முடியாது. இரண்டாவது பாதை வேண்டும். வீட்டில் ஒரு தளம் திறக்காதபோது செய்ய வேண்டிய ஆய்வும் இதுவே.

முதல் சோதனை ஒரு நிமிடத்தில் முடிவது. வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பார்ப்பது. திறந்தால் தளம் உயிரோடுதான் இருக்கிறது. சிக்கல் வீட்டுக்கும் தளத்துக்கும் நடுவே எங்கேயோ. டொராண்டோவில் இதற்கு ஒரு கவனம் தேவை. ஃபைடோ, சாட்டர் என்ற கைபேசிச் சேவைகள் இரண்டும் ரோஜர்ஸின் பிள்ளைகள். வர்ஜின் போட்டி நிறுவனமான பெல்லுடையது, கூடோ இன்னொரு போட்டியாளரான டெலஸுடையது. வீட்டில் ரோஜர்ஸ், கையில் ஃபைடோ என்றால் அது இரண்டாவது பாதை அல்ல. ஒரே பாதையின் இரண்டு பெயர்ப் பலகைகள். டெக்சாவி போன்ற சிறிய நிறுவனங்களும் வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பியைப் பெரியவர்களிடமிருந்தே வாடகைக்கு எடுக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரிடம் வேறு நிறுவன இணைப்பு இருந்தால், ஐந்து நிமிடம் அவருடைய வைஃபையைக் கேட்பது பல மணி நேர ஆராய்ச்சியைவிட மேல்.

தளம் வெளியே திறக்கிறது, வீட்டில் திறக்கவில்லை என்று உறுதியான பிறகு உலாவி காட்டும் பிழைச் செய்தியைப் படிக்க வேண்டும். பலரும் அதைப் படிப்பதே இல்லை. அந்தச் சாம்பல் நிறச் சின்ன எழுத்துகள் நான்கு வெவ்வேறு கதைகளைச் சொல்பவை. ‘பெயர் கிடைக்கவில்லை’ என்ற வகைச் செய்தி வந்தால் முகவரியைத் தேடும் கட்டத்திலேயே தோல்வி. ‘நேரம் கடந்துவிட்டது’ என்றால் கேள்வி போனது, பதில் வரவில்லை. செய்தியைச் சுமக்கும் சிறு பொட்டலங்கள் நடுவழியில் காணாமல் போகின்றன. ‘மறுக்கப்பட்டது’ என்றால் அந்த முனையில் ஒரு கணினி இருக்கிறது, கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது. ‘இணைப்பு மீட்டமைக்கப்பட்டது’ என்றால் பேச்சு தொடங்கியபின் யாரோ குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ தளமாகவும் இருக்கலாம், இடையில் உள்ள ஒரு தணிக்கைக் கருவியாகவும் இருக்கலாம்.

பெயரிலிருந்து தொடங்கலாம். ஆரம்ப காலத்தில் இணையத்திலிருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் டி.என்.எஸ். என்ற பரவலான பெயரேட்டை வடிவமைத்தார். உலாவியில் ஒரு பெயரைத் தட்டியதும் கணினி முதலில் இணைய நிறுவனத்தின் பெயரேட்டுச் சேவையகத்திடம் ‘இதற்கு எண் என்ன?’ என்று கேட்கிறது. வேறு ஏற்பாடு செய்யாத பல வீடுகளில் இதுவே வழக்கம். பெரும்பாலோருக்குத் தங்கள் இணைய நிறுவனம் இந்த வேலையையும் செய்கிறது என்பதே தெரியாது.

அந்தச் சேவையகம் பழைய விடையை நினைவில் வைத்திருந்தால், தளம் புதிய இடத்துக்குக் குடிபோன பின்பும் பழைய வீட்டையே காட்டும். சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் சிக்கல் அது. சில சமயம் நிறுவனமே விடையை மாற்றும். 2008இல் ரோஜர்ஸ், வாடிக்கையாளர் தவறான பெயரைத் தட்டினால் ‘இல்லை’ என்று சொல்வதற்குப் பதிலாகத் தன் பெயர் பொறித்த தேடல் பக்கத்தை, விளம்பரங்களோடு, காட்டத் தொடங்கியது. வாடிக்கையாளருக்கு உதவியாம்! ‘இல்லை’ என்ற விடையை நம்பி இயங்கும் மென்பொருள்கள் உலகில் எத்தனையோ இருக்கின்றன, அவை குழம்பின.

பெயரேட்டில்தான் பழுது என்றால் மருந்து எளிது. ரவுட்டரிலோ கணினியிலோ பெயரேட்டுச் சேவையகத்தை மாற்றிப் பார்க்கலாம். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 இரண்டும் பலருக்கும் தெரிந்தவை. கனடாவில் .சிஏ பெயர்களை நிர்வகிக்கும் சிரா அமைப்பு 2020இல் ‘கனடியன் ஷீல்ட்’ என்ற இலவசச் சேவையைத் தொடங்கியது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: அதன் பாதுகாப்பு வகைகள் ஆபத்தான தளங்களைத் தாமே தடுக்கும். திறக்காத தளத்துக்கு வழிதேடிப் போனவர் புதிதாக ஒரு தடையை வீட்டுக்குள் அழைத்துவந்து விடவும் கூடும்.

பெயர் கிடைத்தாயிற்று. அடுத்தது பயணம்.

டொராண்டோ நகர மையத்தில், யூனியன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், 151 ஃப்ரண்ட் ஸ்ட்ரீட் வெஸ்ட் என்ற கட்டடம் இருக்கிறது. சி.என். டவரைப் படமெடுக்க வரும் பயணிகள் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தந்தி காலத்திலேயே தொலைத்தொடர்புக்காக எழுப்பப்பட்ட இதில்தான் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் இணையக் கம்பிகள் சந்திக்கின்றன. டோரிக்ஸ் எனப்படும் டொராண்டோ இணையப் பரிமாற்ற நிலையத்தின் முக்கிய இடமும் இதுவே. உள்ளேயிருக்கும் கருவிகளின் சூட்டைத் தணிப்பதில் ஒன்டாரியோ ஏரியின் ஆழத்துக் குளிர்நீருக்கும் பங்கு உண்டு. இவ்வளவு வசதி ஊருக்குள்ளேயே இருக்க, டொராண்டோவிலிருந்து டொராண்டோவுக்குப் போகும் செய்தி ஊருக்குள்ளேயே போகும் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ கிளெமென்ட்டும் அவருடைய குழுவினரும் ஐ.எக்ஸ்.மேப்ஸ் என்ற திட்டத்தில் அதைச் சோதித்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து, அதே நகரிலுள்ள ஒன்டாரியோ மாணவர் நிதியுதவித் திட்டத்தின் தளத்துக்குப் போன செய்தி நியூயார்க்கையும் சிகாகோவையும் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பெரிய நிறுவனங்கள் சிறியவற்றோடு உள்ளூரில் நேரடியாகக் கைகோக்க விரும்பாமல், அமெரிக்கச் சந்திப்புகளில் கைமாற்றிக்கொள்வதே பெரும்பாலும் காரணம். பயனருக்கு இதில் இரண்டு கவலை: செய்தி அமெரிக்கச் சட்டத்தின் எல்லைக்குள் போய்வருகிறது, அத்துடன் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ ஒரு சந்திப்பு பழுதானால், ஸ்கார்பரோவில் இருப்பவருக்கு டொராண்டோ தளம் திறக்காது.

இந்தச் சுற்றுப்பயணத்தைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட கருவி ட்ரேஸ்ரூட். வான் ஜேகப்சன் 1980களின் இறுதியில் எழுதியது, இன்று எல்லாக் கணினியிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அதன் தந்திரம் அழகானது. இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும். பூச்சியமானதும் அந்த ரவுட்டர் பொட்டலத்தை எறிந்துவிட்டு, ‘உன் பொட்டலம் என்னிடம் இறந்தது’ என்று அனுப்பியவருக்கு ஒரு குறிப்பு எழுதும். ட்ரேஸ்ரூட் வேண்டுமென்றே ஆயுள் 1, 2, 3 என்று பொட்டலங்களை அனுப்புகிறது. மரணச் செய்திகள் வரிசையாக வருகின்றன. அவற்றின் முகவரிகளைக் கோத்தால் பாதை தெரிந்துவிடுகிறது. நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் அங்கே பழுது என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. குறிப்பு எழுத மறுக்கும் ரவுட்டர்கள் நிறைய உண்டு. நட்சத்திரத்துக்குப் பிறகும் பெயர்கள் தொடர்ந்தால் பாதை நலம். கடைசிவரை நட்சத்திரமே என்றால், இரண்டாவது இணைப்பிலிருந்தும் ஒரு முறை ஓடவிட்டு இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவை எங்கே பிரிகின்றனவோ அங்கே துப்பு இருக்கும்.

பாதையில் எல்லாம் சரி, சின்னச் செய்திகள் போய்வருகின்றன, பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது பொட்டலத்தின் அளவை. சாதாரண ஈதர்நெட் பொட்டலத்தின் உச்சவரம்பு 1500 பைட். தொலைபேசிக் கம்பி வழி வரும் டி.எஸ்.எல். இணைப்புகள் பலவற்றில் அதற்குள் 8 பைட் மேலுறைக்குப் போய்விடும், மிச்சம் 1492. ‘இது பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு’ என்று ரவுட்டர் அனுப்பும் எச்சரிக்கையை, அதீதப் பாதுகாப்பு உணர்வுள்ள ஏதோ ஒரு தளத்தின் தீயரண் தடுத்துவிட்டால், தளம் பெரிய பொட்டலங்களையே மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். ஒன்றும் வந்துசேராது. திறக்கத் தொடங்கிவிட்டுச் சுழன்றுகொண்டே இருக்கும் பக்கங்களில் இந்தக் கோளாறும் உண்டு. ரவுட்டரில் பொட்டலத்தின் உச்ச அளவைக் குறிக்கும் எம்.டி.யு. என்ற எண்ணை 1492ஆக வைத்தால் பல வீடுகளில் தீர்ந்துவிடுகிறது. முதல் நிலை உதவியாளர்கள் இதைச் சொல்வது அபூர்வம்.

தளமே வேண்டாம் என்று சொல்வதும் உண்டு. 2018 மே 25 அன்று ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸும் சிகாகோ ட்ரிப்யூனும் ஐரோப்பிய வாசகர்களுக்குக் கதவைச் சாத்தின. டொராண்டோத் தமிழர்களுக்கு இதைவிடப் பழக்கமானது, வெளிநாட்டு முகவரிகளை ஏற்காத இந்திய அரசுத் தளங்கள். ஊர்ச் சொத்து விவரம் பார்க்கவோ சான்றிதழ் எடுக்கவோ இங்கிருந்து முயல்பவர் உள்ளூர் இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. ஊரிலிருக்கும் உறவினரின் கணினியில் அது உடனே திறக்கும்.

இனி, வேண்டுமென்றே மூடப்பட்ட வழிகள். கனடாவின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆணையத்தின் அனுமதியின்றி நிறுவனங்கள் தாங்கள் கொண்டுசெல்லும் செய்தியின் உள்ளடக்கத்தில் தலையிடக் கூடாது என்கிறது. 2005 ஜூலையில் டெலஸ் நிறுவனத்தில் தொழிற்சங்கத்தோடு தகராறு நடந்துகொண்டிருந்தபோது, ‘வாய்சஸ் ஃபார் சேஞ்ச்’ என்ற, தொழிலாளர் ஆதரவுத் தளத்தை டெலஸ் தன் வாடிக்கையாளர்களுக்குத் திறக்கவிடாமல் செய்தது. மறியலைத் தாண்டி வேலைக்குப் போன ஊழியர்களின் படங்கள் அதில் வந்தன, அவர்களின் பாதுகாப்புக்காகவே தடுத்தோம் என்பது நிறுவனத்தின் வாதம். தடுத்த முறைதான் விபரீதம். தளத்தின் முகவரியான ஐ.பி. எண்ணையே மூடினார்கள். ஒரே எண்ணில் பல தளங்கள் குடியிருப்பது இணையத்தில் சகஜம். அதே கூரையின் கீழ் இருந்த வேறு 766 தளங்களும் சேர்ந்து மறைந்தன என்று ஓப்பன்நெட் இனிஷியேட்டிவ் என்ற ஆய்வுக் கூட்டணி கணக்கெடுத்தது. மார்பகப் புற்றுநோய்க்கு நிதி திரட்டிய ஒரு தளமும் அவற்றில் இருந்தது. அதை நடத்தியவர் டெலஸ் வாடிக்கையாளரிடம் ‘எங்களிடம் எந்தப் பழுதும் இல்லை’ என்றுதான் சொல்லியிருப்பார், அது உண்மையும்கூட.

சென்னையும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறது, இன்னும் பெரிதாக. ‘ஒய் திஸ் கொலவெறி’ பாட்டால் உலகப் புகழ் பெற்ற ‘3’ படத்தின் தயாரிப்பாளர்கள், திருட்டுப் பிரதிகளைத் தடுக்க 2012இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் குறிப்பிடாத எதிராளிகளுக்கு எதிராக ஓர் ஆணை பெற்றார்கள். இணைய நிறுவனங்கள் அதை வாசித்த விதத்தில் மே மாதம் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின், பைரேட் பே எல்லாம் மூடப்பட்டன. தன் கல்யாண வீடியோவை விமியோவில் வைத்திருந்தவருக்கும் ‘3’ படத்துக்கும் என்ன உறவு? ஜூன் 22 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: முழுத் தளத்தையும் அல்ல, மீறல் உள்ள குறிப்பிட்ட இணைய முகவரியை மட்டும் தடுக்க வேண்டும்.

கனடாவில் நீதிமன்றத் தடையின் கதை 2019 நவம்பரில் தொடங்குகிறது. கோல்ட் டி.வி. என்ற, உரிமமின்றித் தொலைக்காட்சி அலைவரிசைகளை விற்ற சேவையை மூட, கூட்டாட்சி நீதிமன்றம் நாட்டின் இணைய நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. கேட்டவர்களில் பெல்லும் ரோஜர்ஸும் இருந்தன. தடுக்க வேண்டியவர்களிலும் அவை இருந்தன. டெக்சாவி மட்டும் எதிர்த்து மேல்முறையீடு செய்தது, 2021இல் தோற்றது, உச்ச நீதிமன்றம் 2022இல் விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம் ஹாக்கி ஆட்டங்களுக்காக வந்த ஆணை ஒரு படி மேலே போனது: ஆட்டம் நடக்கும்போதே ஐ.பி. எண்களைக் கண்டறிந்து அவ்வப்போது தடுப்பது. டெலஸின் 766ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ஐ.பி. எண் என்றதும் உள்ளூர ஒரு நடுக்கம் வருவது இயல்பு.

சட்டப்படி மூடினால் சட்டப்படி மூடினோம் என்று சொல்லவேண்டும் அல்லவா? அதற்கென்றே ஒரு குறியீடு இருக்கிறது. கனடியரான டிம் ப்ரே முன்மொழிந்து, 2016இல் இணையத் தரமாக வெளியான 451. ரே பிராட்பரியின் புத்தக எரிப்பு நாவலிலிருந்து எடுத்த எண். ‘சட்டக் காரணங்களால் கிடைக்காது’ என்று அது வெளிப்படையாகச் சொல்லும். அதைப் பயன்படுத்துவது கட்டாயமில்லை, ஆகவே பல நாடுகளில் தணிக்கை இன்னும் ‘நேரம் கடந்துவிட்டது’ என்ற பழுதின் முகமூடியோடு நடமாடுகிறது.

அந்த முகமூடியை இலங்கைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். 2007 ஜூனில் அரசின் உத்தரவின்பேரில் இலங்கை இணைய நிறுவனங்கள் தமிழ்நெட் என்ற செய்தித் தளத்தை முடக்கின. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பக்கம் கிடைக்காது, ஸ்கார்பரோவில் திறக்கும். இங்கிருந்தவர்கள் படித்துத் தொலைபேசியில் அங்கே சொல்ல, தடையும் அப்படியே உறுதியானது. 2015 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகுதான் அது விலகியது.

தொலைபேசியில் சொந்தக்காரர்கள் செய்த அந்த ஒப்பீட்டையே அறிவியலாக்கியவர்கள் டொராண்டோவிலேயே இருந்தார்கள். ரொனால்ட் டீபர்ட் 2001இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிட்டிசன் லேப், ஓப்பன்நெட் இனிஷியேட்டிவின் தூண்களில் ஒன்றாக இருந்தது. அவர்கள் முறை எளியது: ஒரு தளப் பட்டியலைத் தணிக்கை சந்தேகிக்கப்படும் நாட்டுக்குள்ளிருந்து திறந்து பார்ப்பார்கள், அதே பட்டியலைத் தடையற்ற ஓர் ஆய்வக இணைப்பிலிருந்தும் திறந்து பார்ப்பார்கள். பெயரேடு தந்த எண், வந்த பதில், துண்டிப்பு நேர்ந்த கணம் என்று இரண்டையும் ஒப்பிடுவார்கள். இரண்டு இடத்திலும் திறக்காதது தளத்தின் பழுது. உள்ளே மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தோற்பது தடை. 2018இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்தியா உள்ளிட்ட முப்பது நாடுகளின் வலையமைப்புகளில் நெட்ஸ்வீப்பர் என்ற தடுப்புக் கருவியின் தடயங்களைக் கண்டது. அந்தக் கருவியைச் செய்யும் நிறுவனம் டொராண்டோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள வாட்டர்லூவில் இருக்கிறது. தடுப்புக் கருவியும் அதைக் கண்டறியும் ஆய்வகமும் ஒரே மாகாணத்து விளைச்சல்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: தடை பழுதாகவும் மாறும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபை மூடுவதற்காக ‘யூடியூபின் முகவரி என்னிடம் இருக்கிறது’ என்று பி.ஜி.பி.யில் ஒரு பொய் அறிவிப்பை உள்ளே செய்தது. அது ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியே கசிந்து, உலகம் முழுவதும் யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் மறைந்தது. டொராண்டோவில் மோடத்தைப் பிடுங்கிச் சொருகியவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள்.

ரோஜர்ஸ் பிறகு கைபேசி மையத்தையும் வீட்டு இணைய மையத்தையும் பிரிப்பதாக அறிவித்தது. மேலாண்மைக்குத் தனிப் பாதையும் அமைத்தது. 2022 செப்டம்பரில் கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், ஒன்றின் அவசர காலத்தில் மற்றவை கைகொடுப்பதாக அரசின் வற்புறுத்தலில் ஒப்பந்தம் செய்தன. 

வீட்டில் இருப்பவருக்குக் கைவசம் இருப்பவை வேறு. உதவி எண்ணை அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: தளத்தின் பெயர், திறக்காமல் போன நேரம், பிழைச் செய்தியின் சொற்கள் அப்படியே, வேறு நிறுவனத்தின் இணைப்பில் திறந்ததா, பெயரேட்டை மாற்றியதும் திறந்ததா, ட்ரேஸ்ரூட் கடைசியாகக் காட்டிய முகவரி. மறுமுனையில் இருப்பவர் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார். அதைச் செய்துவிடலாம், வாதம் மிச்சம். அதற்குப் பிறகும் அதே வெள்ளைத் திரை என்றால், வேறு இணைப்பில் திறந்த செய்தியை முதலில் சொல்லி, வலையமைப்புப் பிரிவுக்குப் புகார் எண் போட்டு அனுப்பச் சொல்லலாம். வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம் என்றால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மற்ற தளங்களெல்லாம் திறக்கும் வீட்டில் கம்பியைச் சோதிக்க வருபவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.